ஐஸுக்குள் வைத்த கல்யாணக் காய்கள்

கரண்ட் போனால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மற்றவர்கள் விசிறியைத் தேடுவார்கள், போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் போய் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொள்வேன். மேல் கதவை யாரும் திறந்துவிடக் கூடாது. உள்ளே பட்டாணி, பீன்ஸ், நறுக்கிய கேரட் எல்லாம் பொட்டலம் பொட்டலமாகக் கல் போல உறைந்து கிடக்கும். விலை இறங்கும்போது வாங்கி, அழுகி வீணாகாமல் நான் எடுத்து வைத்தவை. கும்மிடிப்பூண்டியில் காய் விலை ஒரு வாரம் இருந்ததுபோல் மறு வாரம் இருப்பதில்லை. மருமகள் சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகிறாள். களைத்து வருகிறவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினால் குழம்பு ஆகிவிடும்.

"கதவத் தொறக்காம இருந்தா அது அவ்ளோ சீக்கிரம் கரையாது அத்த. நீங்க வந்து குந்துங்க" என்பாள்.

உட்கார்ந்தால் காதெல்லாம் அங்கேயே இருக்கும். மோட்டார் மறுபடி உறும ஆரம்பித்தால்தான் மூச்சு வரும். இது இன்று வந்த பழக்கம் இல்லை. நம் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும் என்று எழுதுகிறேன். நான் படித்தது அஞ்சாவது வரைதான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கமாட்டேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, அந்தத் தைரியம்தான்.

எங்கள் ஊர் அத்திப்பட்டுக்குக் கொஞ்சம் தள்ளி. அப்போது அங்கே மின்சார நிலையத்துப் புகைக்கூண்டு கிடையாது. உப்பளம் இருந்தது, ஏரி இருந்தது, ஏரியை ஒட்டிக் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. காட்டுப்பள்ளிப் பக்கம் இறங்கும் மீனுக்கு அங்கிருந்துதான் ஐஸ் போகும். நீளமான தகர அச்சுகளில் தண்ணீர் ஊற்றி, உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடுவார்கள். மறுநாள் தூக்கினால், அச்சுக்குள்ளிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு பாளம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நைனா இரும்புக் கொக்கியால் அதைக் குத்தி இழுப்பார். அந்தக் கொக்கி அவருடைய கை மாதிரியே ஆகிவிட்டிருந்தது. இப்போது எங்கே போனதோ, யார் வீட்டில் துருப்பிடித்துக் கிடக்கிறதோ தெரியவில்லை.

நான் அவருக்கு மத்தியானச் சோறு எடுத்துப் போவேன். வாசலிலேயே மூக்கைக் குத்தும் அமோனியா வாடை வந்து கண்ணில் தண்ணீர் வர வைக்கும். உள்ளே நடந்தால் ஈரக்காலில் உமி ஒட்டிக்கொள்ளும். வெளியே வெயில் பிளக்கும்போது அங்கே மட்டும் மார்கழி. உடைந்து விழுந்த ஐஸ் சில்லுகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு ஓடிவருவேன். வாசலைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும்.

எங்கள் ஊரில் அப்போது ஐஸ் என்றால் இரண்டுக்குத்தான். ஒன்று மீனுக்கு. இன்னொன்று சாவுக்கு. வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து சேர வேண்டியிருந்தால், பிணத்துக்கு அடியில் ஐஸ் பாளத்தை உமிபோட்டு அடுக்கி வைப்பார்கள். இதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

நான் அஞ்சாவது படித்த வருஷம் அக்காவுக்கு மாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு செவ்வாப்பேட்டை. அம்மா அதற்காகவே ஏரிக்கரை நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்து, கத்திரி, அவரை, மொச்சை, பூசணி எல்லாம் போட்டாள். கல்யாணச் சாப்பாட்டுக்குக் காய் வெளியே வாங்கக் கூடாது என்று அவளுக்குப் பிடிவாதம். விடிந்தால் குடம், பொழுதுபோனால் குடம். தோள்பட்டை பக்கத்தில் அவள் ரவிக்கை எப்போதும் ஈரமாகவே இருக்கும். செடிகளும் அவளை ஏமாற்றவில்லை. தை பிறந்ததும் காய்த்துக் கொட்டின. கத்திரிக்காய் எண்ணெய் தடவியது போல் மின்னும்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா இறந்துபோனார்.

மூத்த மகன் பம்பாயிலிருந்து வர வேண்டும். சேதி வந்ததும் நைனா யாரையும் கேட்கவில்லை. கம்பெனி லாரி ஆவடிப் பக்கம் மீன் ஏற்றிப்போவது உண்டு. அதில் ஐஸ் பாளங்களை ஏற்றி, சாக்கால் மூடி, மேலே தானே உட்கார்ந்து செவ்வாப்பேட்டைக்குப் போனார். மகன் வந்து சேரும்வரை அங்கேயே இருந்து, கரையக் கரைய ஐஸை மாற்றி வைத்தார். சம்பந்தி முறைக்கு இதைவிட என்ன செய்ய முடியும்.

திரும்பி வந்தவர் கை கால் கழுவாமல் வாசலில் நின்றபடியே அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏமே, ஒண்ணு சொல்றேன் கேளு. நான் போட்ட மாலை கீழ நழுவி ஐஸ் சந்துல மாட்டிக்கிச்சு. தூக்கும்போது பாக்கறேன், அப்பத்தான் கட்டுன மாதிரி கீது! ஒரு இதழு வாடல!"

"முதல்ல போய் தலைக்கு ஊத்திக்கினு வாய்யா. சாவு ஊட்டுலருந்து வந்துட்டு பூவப் பத்திப் பேசிக்கினு நிக்கறே."

"பூவு வாடலன்னா காயி வாடுமா?"

கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவிட்டார்கள் என்ற சேதியையும் அவர்தான் கொண்டுவந்திருந்தார். அம்மாவோ கொல்லையில் பறித்துக் குவித்திருந்த கத்திரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் காத்திருக்கும், காய் காத்திருக்குமா? சந்தைக்குக் கொண்டுபோனால் எல்லார் தோட்டத்திலும் அதே காய். மாட்டுக்குப் போடும் விலை.

கம்பெனி மேஸ்திரி நைனாவுக்குக் கூட்டாளி. "மீனு கெடாம இருக்குது, கத்திரிக்கா இன்னா மீனவிட ஒசத்தியா? மொதலாளி கேட்டா நான் சொல்லிக்கிறேன், ஓரமா நாலு அச்சு எடுத்துக்கோ" என்றார். நாலு என்பது பிறகு எப்படியோ கூடிப்போயிற்று.

அக்கா, அம்மா, நான் மூன்று பேரும் காய்களைக் கழுவிக் கழுவிக் கூடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். தண்ணீர் ஊற்றினால் கத்திரிக்காய் மிதந்து மேலே வந்துவிடும். நைனா மூங்கில் பத்தையைக் குறுக்கே செருகி அவற்றை அமுக்கினார். மொச்சையை மட்டும் அம்மா அப்படிக் கொடுக்கவில்லை. உரித்த கொட்டையை வெந்நீரில் போட்டால் மேல்தோல் சுலபமாக வழுக்கிக்கொண்டு வரும். அப்படிப் பிதுக்கி எடுத்து, மூடி போட்ட ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் நிரப்பினாள். டின்மேல் குதிரை பூட்டிய வண்டி ஒன்று படம் போட்டிருந்தது. அந்த டின்னும் ஒரு அச்சுக்குள் இறங்கியது.

மறுநாள் முதல் பாளத்தை வெளியே இழுத்தார்கள். கண்ணாடிக்குள் தோட்டம். நடுவில் மட்டும் பால் கலந்தது போல் வெள்ளை. ஓரத்தில் ஒவ்வொரு அவரைக்காயின் நரம்பும் தெரிந்தது. கத்திரிக்காய்கள் ஊதா நிறத்தில் தொங்கின. நான் பாளத்தின்மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், தோல் ஒட்டிக்கொண்டது. அக்கா சிரித்துக்கொண்டே என்னைப் பிய்த்து எடுத்தாள். பாளங்களைக் கம்பெனி ஐஸ் அறையிலேயே உமி போட்டு அடுக்கினார்கள்.

ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. நைனா டீக்கடையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார். சும்மா சொன்னாலும் பரவாயில்லை. "சம்பந்தி ஊட்டு சாவுல ஐஸ் வெச்சேன் பாரு, அங்கதான் இந்த ரோசன வந்துது" என்று ஆரம்பித்துத்தான் சொல்வார்.

பங்குனி வந்தது. வெயில் ஏற ஏற எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உட்கார முடியவில்லை. கம்பெனி மோட்டார் சத்தம் எங்கள் ஊர் முழுக்கக் கேட்கும். எப்போதும் கேட்பதால் காதில் விழாது. கரண்ட் நின்று அது ஓய்ந்துபோனால்தான் தெரியும். அம்மா குழம்புக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நிற்பாள். நைனா செருப்புகூடப் போடாமல் கம்பெனிக்கு ஓடுவார். போய் என்ன செய்வார்? கதவுச் சந்தில் சாக்கை அடைத்துவிட்டு, உமியை அள்ளி மேலே போட்டுவிட்டு, பாளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். அக்கா முகூர்த்தப் புடவையை எடுத்துப் பிரித்துத் திரும்ப மடிப்பாள். நான் எல்லார் பின்னாலும் ஓடினேன். எதற்கென்று தெரியாமலே ஓடினேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேசிக்கொண்டிருக்கும்போது மோட்டார் நின்றால் என் கால் தானாக ஆட ஆரம்பிக்கும்.

ஒருநாள் மாப்பிள்ளையின் அத்தை வந்தாள். இறந்துபோனவரின் தங்கை. வாசலில் இருந்து உள்ளே வரவில்லை. அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுபோனாள், வாங்கவில்லை.

"தண்ணி வாணாம். ஐஸ் தண்ணியா இருக்கப்போவுது" என்றாள். "இன்னா சம்பந்தி, எங்க அண்ணன் பொணத்த வெச்ச ஐஸ்ல கல்யாணக் காய வெச்சிக்கீறீங்களாமே? லாரிக்காரன் வந்து சிரிச்சிக்கினே சொல்றான். எங்க ஊரு பூரா அதான் பேச்சு."

நைனா பதறிவிட்டார். "அய்யய்யோ, அந்த ஐஸ் வேறம்மா. அது அங்கியே கரைஞ்சி போச்சு. இது புது ஐஸ்."

"தொட்டி ஒண்ணுதான? அச்சு ஒண்ணுதான?"

தொட்டி ஒன்றுதான்.

"நீங்க சாவு ஊட்டுல ஒக்காந்துகினு அவரு மூஞ்சப் பாக்கல, மாலையப் பாத்துகினு இருந்திருக்கீங்க. எங்க அண்ணி அழுதுகினே கீது. இந்தச் சம்பந்தமே வாணாம்ன்னுது. நான்தான் பொறு, போய் ஒரு வார்த்த கேட்டுகினு வரேன்னு வந்தேன். அந்தக் காயி ஒண்ணு கல்யாண எலையில விழுந்தா எங்க பையன் தாலி கட்ட மாட்டான். அவ்ளோதான்."

அவள் போன பிறகு அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். டிரங்குப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

அம்மாவும் நைனாவும் அன்று போட்ட சண்டையை நான் கொல்லையில் குந்திக்கொண்டு கேட்டேன்.

"டீக்கடையில ஒக்காந்துகினு தண்டோரா போட்டியே, இப்ப நல்லா அனுபவி!"

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்..."

"தண்ணி ஊத்துனது நானு. பூச்சி பொறுக்குனது நானு. மண்டை காஞ்சது எனக்கு. ஒருத்தி வந்து தூக்கிப் போடுன்னா போட்டுடுவியா?"

"பொண்ணு வாழ்க்க பெருசா, கத்திரிக்கா பெருசா?"

அம்மா குரலை இறக்கி, "அந்தப் பொம்பள நெஜமாவே அப்படிச் சொல்லிச்சா?" என்றாள். மாப்பிள்ளையின் அம்மாவைத்தான் கேட்டாள். நைனா, "சொல்லாமயா இவங்க வருவாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. துக்கம் காக்கிற வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று பயம். இன்றைக்கு என்றால் ஒரு போன் போதும்.

அடுத்த நாள் நைனாவும் மேஸ்திரியும் மாட்டுவண்டியில் பாளங்களை ஏற்றி ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் போட்டால் யாராவது எடுத்துச் சமைத்து அது வேறு பேச்சாகும் என்று தண்ணீருக்குள்ளேயே தள்ளினார்கள். ஒவ்வொன்றும் முங்கி, மூச்சுவிடுவது போல் மேலே எழும்பி மிதந்தது. உச்சி வெயில். ஏரி முழுக்கக் காய் அடைத்த கண்ணாடிப் பெட்டிகள். பிள்ளைகள் கத்திக்கொண்டு நீந்திப்போய் மேலே ஏறப் பார்த்தார்கள். வழுக்கி விழுந்தார்கள். எருமைகள் ஒதுங்கி நின்றன. நைனா கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றார். அம்மா வரவே இல்லை.

ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு அம்மாள் நடந்து வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. வெயிலில் முகம் கன்றியிருந்தது. ரயில் மாறி வந்த களைப்பு. கரையோரம் ஒதுங்கி நின்ற என்னிடம்தான் கேட்டாள்.

"இன்னா பாப்பா பண்றாங்க?"

எனக்கு அந்நியர்களிடம் பேச வராது. ஆனாலும் சொன்னேன். "அக்கா கல்யாணத்துக்கு வெச்ச காயி. மாப்ள ஊட்டுல வாணாம்ன்ட்டாங்க. அதான் போடறாங்க."

"யாரு வாணாம்ன்னது?"

"மாப்ளயோட அம்மா."

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். நைனா அப்போதுதான் பார்த்தார். கொக்கி கையிலிருந்து விழுந்துவிட்டது.

"சம்பந்தியம்மா! நீங்க இன்னா இங்க... ஏறுங்க, ஏறுங்க!"

"நான் சொன்னேன்னு யாரு சொன்னது?" தண்ணீருக்குள் நின்றபடியே கேட்டாள். "என்னைய யாரு கேட்டாங்க? எங்க நாத்தனாரு இங்க வந்துட்டுப் போனதே எனக்கு நேத்து ராத்திரிதான் தெரியும். பெரியவன் வர்ற வரிக்கும் அந்த மனுஷன் மேல ஈ குந்தல, வாடை வரல. பெரியவன் வந்து அப்பன் மூஞ்ச மூஞ்சாப் பாத்தான். அது நீங்க ராவும் பகலும் மாத்தி மாத்தி வெச்ச ஐஸாலதான். அதப்போயி நான் கெட்டதுன்னு சொல்லுவனா?"

நைனா கரையில் அப்படியே குந்திவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அழுவுறது அப்பாலிக்கா அழுவலாம். கரைஞ்சிக்கினே கீது பாருங்க, வந்து தள்ளுங்க!"

நான் வீட்டுக்கு ஓடினேன். அக்கா வருவாள் என்று நினைக்கவில்லை. கல்யாணம் நிச்சயமான பெண் அப்படி வெளியே வரமாட்டாள், அதுவும் மாமியார் எதிரே. ஆனால் நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லி முடிப்பதற்குள் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பின்னாலேயே அம்மா, அடுப்பை அணைக்கக்கூட இல்லை. நான் திரும்பி வந்து பார்க்கும்போது அக்கா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். ஒரு பாளத்தின் அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் மருமகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "இப்டிக்கா தள்ளு... மெதுவா... கால் வழுக்கும்டி" என்ற பேச்சுதான்.

கரையேற்றியதைச் சாக்கு விரித்துப் போட்டோம். கரைந்து காய்கள் வெளியே வந்தன. அம்மா ஒரு கத்திரிக்காயை எடுத்தாள். அது அவள் விரலுக்குள் நசுங்கிக் கறுப்புத் தண்ணீராக வழிந்தது. அவரைக்காய் நனைந்த துணி மாதிரி தொங்கியது. பூசணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பார்க்க எல்லாம் பச்சைப்பசேல் என்று இருந்ததே, உள்ளுக்குள் எப்போதோ செத்துப்போயிருந்தன. காயைக் கொதிக்கிற நீரில் கொஞ்ச நேரம் போட்டு, உடனே குளிர்ந்த நீரில் அலசித் துடைத்துவிட்டுத்தான் உறைய வைக்க வேண்டும், கத்திரிக்காயை முழுசாக வைக்கவே கூடாது என்பதெல்லாம் நான் கிழவியான பிறகு தெரிந்துகொண்டது. மீன் வேலை செய்த நைனாவுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? மீனை வைக்கிற மாதிரியே வைத்துவிட்டார். அத்தைக்காரி வராமலே இருந்திருந்தால் இந்தக் கறுப்புக் கத்திரிக்காயை முகூர்த்தத்தன்று சமையல்காரர் முன்னால் கொட்டியிருப்போம்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு கத்திரிக்காயைக் காம்பைப் பிடித்துத் தூக்கினாள். காம்பு மட்டும் கையோடு வந்தது.

"இதுக்கா சண்ட போட்டாங்க?" என்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரிக்குத் தொற்றிக்கொண்டது, பிறகு அம்மாவுக்கு. நைனா மட்டும் சிரிக்காமல், யாராவது திட்டினால் தேவலை என்பது போல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசிப் பாளத்துக்குள்ளிருந்து பிஸ்கட் டின் வந்தது. அம்மா அதைத் திறக்கத் தயங்கினாள். மேஸ்திரிதான் கல்லால் தட்டி மூடியை எடுத்தார். உள்ளே மொச்சை. வெந்நீர் பட்டு உள்ளே போனது அது ஒன்றுதான். அள்ளிப் பார்த்தால் பிதுக்கிய அன்றைக்கு இருந்த பச்சை.

அதை வீட்டுக்குக் கொண்டுபோனோம். மாப்பிள்ளையின் அம்மா வாசலோடு நின்றாள். "நான் வரக் கூடாதும்மா, கல்யாண ஊடு" என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாயை விரித்தாள். பாயில் உட்கார்ந்தும் சம்பந்தியம்மாவின் கை சும்மா இருக்கவில்லை. ஈரப் புடவையின் தலைப்பைப் பிழிந்துகொண்டே இருந்தது. தேதியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நைனா கேட்கவும் துணியவில்லை. உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தார். அக்கா ஈரம் சொட்டச் சொட்ட அடுப்படியில் நின்று மொச்சைக் குழம்பு வைத்தாள்.

மத்தியானம் சாய்ந்துவிட்டது. அக்கா இலை போட்டுச் சோறு வைத்துக் குழம்பை ஊற்றினாள். ஊற்றிவிட்டு நகராமல் அங்கேயே நின்றாள். அம்மா கதவோரம், நைனா வாசலில், நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால். மாப்பிள்ளையின் அம்மா பிசைந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். மென்றாள்.

அவள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

"உப்பு கம்மி. எம்புள்ள கொஞ்சம் தூக்கலாத்தான் சாப்புடுவான். வைகாசிக்குள்ள கத்துக்கோ."

அக்கா உப்பு ஜாடியை எடுக்கத் திரும்பினாள். எடுத்துவிட்டு, அதை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். மாமியார்தான் கை நீட்டி, "குடு இப்டி" என்று வாங்கிக்கொண்டாள்.